‘கம்பெனி’ என்னும் சொல்: வரலாறும் திருப்பெரும்புதூர் வட்டார வழக்கும்

தோற்றுவாய்

பிறமொழிச் சொல்லொன்று ஒரு மொழியிற் புகுந்து வழங்குங்கால், தான் பிறந்தவிடத்துப் பெற்றிருந்த பொருள்கள் அனைத்தையும் உடன்கொண்டு வருவதில்லை. சிலவற்றைக் கொணரும், சிலவற்றை விட்டொழியும், புதியன சிலவற்றை வந்தவிடத்தே ஈட்டிக்கொள்ளும். ஆகலின், அத்தகைய சொல்லை ‘ஆங்கிலச் சொல்’ என்று கூறி ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சி நெறியாகாது. தமிழ் மக்கள் அதனை எப்பொருளில் ஆளுகின்றனர், எப்பொருளைக் கைவிட்டனர், அதனால் விளைந்தது யாது என்பனவெல்லாம் தமிழாராய்ச்சியின்பாற் பட்டனவே.

இக்கட்டுரை ‘கம்பெனி’ என்னும் சொல்லை ஆராய முற்படுகின்றது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும், திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் ஒரகடமும் உள்ளன. ஏரிப்பாசனமும் நெற்பயிரும் வாழ்வாயிருந்த இவ்வட்டாரம் கால் நூற்றாண்டிற்குள் ஆலைகளின் வட்டாரமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா தொலைபேசி ஆலை 2006-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும் தொடங்கின. இவ்வட்டாரத்தில் இன்று மிகுதியாகச் செவியிற்படும் வேற்றுமொழிச் சொல் ‘கம்பெனி’ என்பதே எனலாம்.

மக்கள் கூட்டத்தைக் குறித்துப் பிறந்த இச்சொல், இவ்வட்டாரத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் சொல்லாகியுள்ளது என்பதையும், அங்ஙனம் ஆகுங்கால் ‘செய்பவர் யார்?’ என்னும் வினாவிற்கு விடை மறைந்துவிடுகின்றது என்பதையும் காட்டுதலே எமது நோக்கமாகும்.

பிறந்த இடத்துப் பொருள்

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. ‘கோம்’ என்பது ‘உடன்’ எனவும், ‘பானிஸ்’ என்பது ‘ரொட்டி’ எனவும் பொருள்படும். இவ்விரண்டும் சேர்ந்த ‘கொம்பானியோ’ என்னும் பிற்கால இலத்தீன் சொல், ஒருவனுடன் ரொட்டியைப் பகுத்துண்பவன் என்னும் பொருளது. அதினின்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் இதனைப் பெற்றது. எனவே, கம்பெனி என்பதன் முதற்பொருள் உடனுண்போர் கூட்டம் என்பதாம்.

ஆங்கிலத்தில் இப்பொருள் பலவாறு கிளைத்தது. உடனிருத்தல், விருந்தினர், போர்வீரரின் ஓர் அணி, கப்பலில் தொழில் செய்வோர் அனைவரும், இலண்டன் நகரத்துக் கைவினைஞர் குழு, கூடி வாணிகம் செய்வோர் என்பன அவற்றுட் சில. இவை வேறுவேறாகத் தோன்றினும் அனைத்தினும் மக்களே முதன்மை பெறுகின்றனர். பின்னர்ச் சட்டம் இதனின்றும் ஓரடி விலகிச் சென்றது. 1896-இல் சாலமன் என்பாரின் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பு, கம்பெனி என்பது அதன் உறுப்பினரின் வேறாய ஒரு தனி ஆள் என்பதை உறுதிப்படுத்தியது. மக்களின் கூட்டம் என்றிருந்தது, மக்களின் வேறாகிய ஓர் ஆளாயிற்று. அவ்வாளுக்குப் பெயருண்டு, சொத்துண்டு, வழக்காடும் உரிமையுண்டு. உண்ணும் வாய் மட்டும் இல்லை.

தமிழில் முதல் வருகை: கும்பினி

தமிழர் இச்சொல்லை முதலில் அறிந்தது வாணிகப் பெயராக. அடுத்து அரசின் பெயராக. 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் இடம் பெற்றது. ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும், டேனியர் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் தத்தம் கம்பெனிகளை நடத்தினர். தமிழ்ச் செவி இச்சொல்லைக் ‘கும்பினி’, ‘கும்பெனி’ என ஏற்றது. ‘கும்பினிப் படை’, ‘கும்பினி ஆட்சி’, ‘கும்பினியார்’ முதலிய தொடர்கள் எழுந்தன.

இவற்றுள் ‘கும்பினியார்’ என்னும் வடிவம் நம் கருத்திற்குரியது. ‘ஆர்’ விகுதி பெற்றமையால் இச்சொல் உயர்திணைப் பலர்பாலாக நின்று, ‘கும்பினியார் ஆணையிட்டனர்’ என வினைமுற்றும் கொண்டு முடிந்தது. ஆள்வோர் அயலாராயினும், கொடியராயினும், ஆளப்படுவோரின் மொழியில் அவர்கள் மனிதராகவே இருந்தனர். செய்தவர் இன்னார் என்று சுட்டுதற்கு அச்சொல் இடந்தந்தது.

இன்றைய தொழில் வட்டாரமும் கும்பினியை அறியாத நிலமன்று. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்குச் சாகீராக வழங்கினார். காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் மைசூர்ப் படை கும்பினிப் படையை முறியடித்தது. 1858-இல் ஆட்சி இங்கிலாந்து அரசியின் கைக்கு மாறியபின், கும்பினி என்னும் வடிவம் வரலாற்று நூல்களில் ஒதுங்கியது. ‘கம்பெனி’ என்னும் வடிவம் வாணிகத் துறையில் நிலைபெற்றது.

சங்கமும் சபையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர் தாமே கம்பெனி காணத் தலைப்பட்டபொழுது, அதற்குத் தமிழ்ப்பெயரும் நாடினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் நிறுவிய கப்பல் கம்பெனி ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ எனப்பட்டது. கம்பெனி என்பதற்குச் ‘சங்கம்’ என்னும் சொல் ஈண்டு நேர்நின்றமை நோக்கத்தக்கது. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றவரும் அவரே. பத்தாண்டுகள் கழித்து, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பொருளிட்டோரின் கூட்டத்தைக் குறித்த சொல், உழைப்போரின் கூட்டத்திற்கு உரியதாயிற்று. இன்று ‘சங்கம்’ என்றால் தொழிற்களத்தில் கம்பெனிக்கு எதிரே நிற்பது என்பதே பொருள். ஒருகாலத்து ஒருபொருட்கிளவிகளாக நின்ற இரண்டு சொற்கள் எதிர்ச்சொற்களாயின.

நாடகத் துறையிலும் இத்தகைய இரட்டை வழக்கு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய குழு ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ எனப் பெயர் பெற்றது, எம். ஜி. இராமச்சந்திரன் இளமையில் நடித்த குழு ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்டது. இக்குழுக்களிற் சேர்ந்த சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே தொழில் கற்றனர். கட்டுப்பாடு கடுமையானதாயினும், ஒரு பந்தியில் உண்போர் கூட்டம் என்னும் மூலப்பொருள் தமிழகத்தில் முழுமையாக விளங்கிய இடம் நாடகக் கம்பெனியே எனல் மிகையாகாது.

உடனிருத்தல் என்னும் பழம்பொருளும் முற்றும் மறைந்திலது. தனியே தேநீர் அருந்தச் செல்பவன் நண்பனைப் பார்த்து, ‘சும்மா ஒரு கம்பெனிக்கு வா’ என்று அழைக்கின்றான். படையணி என்னும் பொருளும் தேர்தற் காலங்களில் ‘இத்தனை கம்பெனி துணை இராணுவம்’ என்னும் செய்தித் தொடரில் தலைகாட்டுகின்றது. இலங்கைத் தமிழில் இச்சொல் ‘கம்பனி’ என எழுதப்பெற்றுச் சட்டத்தின் பெயரிலும் இடம்பெற்றுள்ளது. 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அதற்குச் சான்று. தமிழகத்து வணிகவியற் பாடநூல்களோ ‘நிறுமம்’ என்னும் ஆக்கச்சொல்லை ஆளுகின்றன.

திருப்பெரும்புதூர் வட்டார வழக்கு

இனி, நாம் எடுத்துக்கொண்ட வட்டாரத்து வழக்கிற்கு வருவோம். இங்கே நாள்தோறும் வழங்கும் தொடர்கள் சிலவற்றை வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, இடப்பொருள். ‘தம்பி கம்பெனிக்குப் போயிருக்கான்’, ‘கம்பெனி வாசல்ல நிக்கிறேன்’, ‘எங்க நிலத்துலதான் அந்தக் கம்பெனி வந்திருக்கு’ என்பன போன்றவை. ஈண்டுக் கம்பெனி என்பது ஆலைக் கட்டடமும் அதன் மதிலும் வாயிலும் அடங்கிய நிலப்பரப்பே. சட்டம் கூறும் தனி ஆளும் அன்று, மக்கட்கூட்டமும் அன்று.

இரண்டாவது, அடைப்பொருள். ‘கம்பெனி பஸ்’, ‘கம்பெனிச் சாப்பாடு’ என்பன ஆலை அளிக்கும் வசதிகளைச் சுட்டும். கடைத்தெருவிலோ ‘இது கம்பெனிப் பொருள்’ என்றால் போலியன்று, தரமுடையது என்பது கருத்து. இடத்தைக் குறித்த சொல் ஈண்டு நன்மதிப்பைக் குறிக்கின்றது.

மூன்றாவது, நிலைப்பொருள். இதுவே வாழ்வோடு நெருங்கியது. ஓர் இளைஞனைப் பற்றி உசாவுவோர், ‘கம்பெனியில் வேலையா?’ என்பதோடு அமைவதில்லை. ‘கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?’ என்று அடுத்து வினவுகின்றனர். ஒரே மதிலுக்குள், ஒரே வரிசையில் நின்று தொழில் செய்யும் இருவருள் ஒருவர் ஆலையின் பெயர்ப்பதிவில் உள்ளவர்; மற்றவர் ஆளளிக்கும் ஒப்பந்தக்காரரின் பதிவில் உள்ளவர். முன்னவர் ‘கம்பெனி ஆள்’. பின்னவர் ‘கான்ட்ராக்ட் ஆள்’. இடப்பொருளில் இருவரும் கம்பெனிக்குள் இருக்கின்றனர். நிலைப்பொருளில் ஒருவர் உள்ளும் மற்றவர் புறத்தும் உள்ளனர். ஒரே சொல் ஒருவரை ஒரே வேளையில் உள்ளும் வெளியுமாக நிறுத்தும் விந்தை இது.

இலக்கண அமைதி

மேற்காட்டிய மாற்றத்தை நம் இலக்கணம் நன்கு விளக்கும். ஓரிடத்தில் உள்ள பொருளின் பெயர் அவ்விடத்திற்கு ஆகிவருவது தானியாகுபெயர். மக்கட்கூட்டத்தின் பெயராகிய கம்பெனி, அக்கூட்டம் தொழில் செய்யும் இடத்திற்கு ஆகிவந்தது இவ்வகையினதே. இங்ஙனம் இடப்பெயராகிய பின், அது மீண்டும் தன்னுள் இருப்போர்க்கு ஆகிவருதலும் உண்டு. ‘கம்பெனி வேணாம்னு சொல்லிடுச்சு’ என்னும்பொழுது, ‘ஊர் சிரித்தது’ என்பதுபோல அஃது இடவாகுபெயராகின்றது. ஆயின், போனபடியே அது திரும்பவில்லை. மனிதராகச் சென்றது அஃறிணையாகத் திரும்பியுள்ளது. ‘கும்பினியார் சொன்னார்கள்’ என்பதற்கும் ‘கம்பெனி சொல்லிடுச்சு’ என்பதற்கும் இடையே உயர்திணை அஃறிணையாகிய வரலாறு அடங்கியுள்ளது.

இதனினும் நுட்பமானது பிறிதொரு வழக்கு. ‘கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க’, ‘கம்பெனியில ஆளைக் குறைக்கிறாங்க’ என்னும் தொடர்களை நோக்குக. வினைமுற்று உயர்திணைப் பலர்பால், கம்பெனி ஏழாம் வேற்றுமை ஏற்று இடமாக நிற்கின்றது, எழுவாய் இல்லை. இது தோன்றா எழுவாய் எனப்படும். இயல்பாகத் தோன்றா எழுவாயைக் கேட்போர் தாமே வருவித்துக்கொள்வர். ‘நேற்று வந்தேன்’ என்றால் ‘நான்’ என்பது தானே பெறப்படும். இங்கோ கேட்போரும் அதனை அறியார், சொல்வோரும் அறியார். எடுப்பவரும் குறைப்பவரும் மனிதரே என்று வினைமுற்று கூறுகின்றது. அவர் யாரென்று கூறத்தக்க பெயர் தொடரில் இல்லை. எழுவாய் தோன்றாதது மட்டுமன்று, தோற்றுவிக்கவும் இயலாததாகின்றது.

உருபு வழக்கும் இதனையே காட்டும். மனிதரை நோக்கிச் செல்வோர் ‘அவரிடம்’ செல்வர். இடத்தை நோக்கிச் செல்வோர் ‘ஊருக்கு’ச் செல்வர். வேலைக்குச் செல்வோர் ‘கம்பெனிக்கு’ப் போகின்றனர். குறையொன்றை முன்வைக்குங்கால் அவர்களே ‘கம்பெனிகிட்ட பேசணும்’ என்கின்றனர். ‘கிட்ட’ என்பது பேச்சுத்தமிழில் உயர்திணைக்கு ஏற்ற உருபு. முறையிட வேண்டிய வேளையில் மொழி அவ்விடத்தை மனிதராக்கப் பார்க்கின்றது; கேட்கும் செவி ஒன்று அங்கே இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவ்வுருபில் வெளிப்படுகின்றது.

தன்மைப் பன்மையிலும் ஒரு செய்தி உண்டு. முன்னிலையாரை உள்ளடக்குவது ‘நம்’, விலக்குவது ‘எங்கள்’. மேற்பார்வையாளர் தொழிலாளரிடம் ‘இது நம்ம கம்பெனி’ என்பார். தொழிலாளி வெளியாரிடம் ‘எங்க கம்பெனி’ என்பார். ஒப்பந்தத் தொழிலாளியிடம் ‘நம்ம கம்பெனி’ என்று கூறப்படுமாயின், அந்த ‘நம்’ எத்துணைத் தொலைவு செல்லும் என்பது சம்பள நாளிலும் ஆட்குறைப்பு நாளிலும் தெளிவாகும். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். தமிழிலோ யாரை உட்படுத்துகின்றோம் என்பதைச் சொல்லாமல் பேசவே இயலாது.

சோறும் சொல்லும்

உடனுண்ணுதலில் பிறந்த இச்சொல்லுக்கும் உணவிற்கும் உள்ள தொடர்பு, இவ்வட்டாரத்தில் எதிர்பாரா வகையில் மீண்டும் வெளிப்பட்டது. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் அருகேயுள்ள பாக்ஸ்கான் ஆலையிற் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில், உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். செய்தி பரவவே, உடன்பணிபுரியும் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். மூடப்பட்ட ஆலை 2022 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்போது எழுந்த வினா சொற்பொருள் ஆராய்வார்க்கும் உரியது. விடுதியை நடத்தியவர் ஒப்பந்தக்காரர். ஆலையை நடத்தியது பாக்ஸ்கான். அங்கே உருவாகிய தொலைபேசி ஆப்பிளின் பெயர் தாங்கியது. மூன்றும் கம்பெனிகளே. ‘கம்பெனிதான் பொறுப்பு’ என்று ஒரு பெண் கூறினால் அச்சொல் எதனைச் சுட்டும்? சட்டம் இச்சிக்கலை முன்பே உணர்ந்திருந்தது. 1970-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்னும் கருத்தை வகுத்து, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் அதனைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரைச் சாரும் என விதித்தது. பேச்சுவழக்கில் மறைந்துபோன எழுவாயை மீட்டுத்தரும் முயற்சியே அச்சொல்லாக்கம் எனலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்துவைத்தது. உண்டியும் உறையுளும் தனித்தனி விடுதிக்காரரின் பொறுப்பு மட்டும் அன்று என்பதை அதுவும் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

ஈண்டுத் தமிழ் மரபும் ஆங்கில வேரும் மாறுபடும் இடம் ஒன்றுண்டு. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி; செஞ்சோற்றுக் கடன் என்பது நம் மரபு. இம்மரபில் கடமை உண்டவனுக்கே உரியது; ஊட்டியவன்பால் நன்றி செல்லும். ‘கொம்பானியோ’ என்பதிலோ ஊட்டுவோனும் உண்போனும் என்ற வேறுபாடில்லை. இருவரும் ஒரு ரொட்டியைப் பகுத்துண்கின்றனர். ‘கம்பெனி சோறு போடுது’ என்று தொழிலாளி கூறுங்கால், ஆங்கிலச் சொல்லினுள் தமிழ் மரபு பேசுகின்றது. நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்கள் அம்மரபின் மறுபக்கத்தைக் காட்டினர். சோறிட்டவரை நினைத்தல் உண்டவர் கடனாயின், நல்ல சோறிடுதல் இட்டவர் கடன் என்பதே அது.

பெயர்க்குரியார் யார்?

பெயரைப் பற்றிய வழக்கொன்றும் இவ்வட்டாரத்தில் நிகழ்ந்தது. சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுப்பகுதியில் முடிவுற்றது. ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்னும் பெயரிற் சங்கத்தைப் பதிவு செய்தல் அவர்களின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. தன் பெயரைச் சங்கம் தாங்குவதற்கு நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற இச்சிக்கல், 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றதனால் தீர்ந்தது.

வணிகச் சட்டத்தின் நோக்கில் பெயர் ஓர் உடைமை. மொழியின் நோக்கிலோ, பெயரென்பது ஒருவரை இன்னாரென அறிவிக்கும் வழி. ‘எங்கே வேலை?’ என்னும் வினாவிற்கு நாள்தோறும் அப்பெயரையே விடையாகக் கூறுவோர், தம் கூட்டத்தை வேறெப்பெயராற் குறிப்பர்? ‘கம்பெனி’, ‘சங்கம்’ என எதிரெதிர் நின்ற இரண்டு சொற்களும் ஒரு பெயரின்கீழ் அருகருகே எழுதப்பட்டன. 1906-இல் ஒருபொருள் குறித்து நின்றவை, ஒரு நூற்றாண்டிற்குப் பின் ஒரு பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘கம்பெனி’ என்னும் சொல் உடனுண்போர் கூட்டம், ஆளும் கும்பினியார், நாடகக் குழு, சட்டம் படைத்த ஆள், மதில் சூழ்ந்த இடம் எனப் பல நிலைகளைக் கடந்து வந்தமை பெறப்படும். இவற்றுள் இறுதி நிலையே திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மேலோங்கி நிற்கின்றது.

இச்சொல்லைப் பேச்சினின்று அகற்றுதல் வேண்டும் என்பது எமது கருத்தன்று. நானூறு ஆண்டுகளாக வழங்கும் சொல்லை அகற்றுதல் இயலாததுமாகும். ஆயின், அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் செய்தியிலும் எழுதுவோர், இடத்தைக் குறிக்குங்கால் ‘ஆலை’ என்றும், சட்டம் கூறும் அமைப்பைக் குறிக்குங்கால் ‘நிறுமம்’ என்றும், பொறுப்புடையாரைக் குறிக்குங்கால் ‘வேலையளிப்பவர்’ என்றும் பிரித்தெழுதுதல் நன்று. தூய்மை கருதி யாம் இதனைக் கூறவில்லை; பொருள் தெளிவு கருதியே கூறுகின்றோம். தன் கையொப்பத்திற்குரிய தாளில் யார் தனக்கு வேலையளித்தவர் என்பதைத் தன் மொழியில் படித்தறிதல் தொழிலாளிக்குப் பெரும்பயன் தருவது.

அகராதி தொகுப்போர்க்கும் ஒன்று கூற விழைகின்றோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் 1936-இல் நிறைவுற்றன. ‘கம்பெனி ரோல்’, ‘கம்பெனி ஆள்’, ‘கம்பெனிப் பொருள்’ முதலிய வட்டார வழக்குகள் இனிவரும் அகராதிகளில் பொருள் வேறுபாட்டுடன் இடம்பெறல் வேண்டும். மாலையில் ஆலை வாயிலில் நின்று பேருந்துக்குக் காத்திருப்போரின் பேச்சைச் செவிமடுப்பின், அவற்றுக்குரிய மேற்கோள்கள் ஒரு நாளிலேயே கிட்டும்.